லாரி வந்தால் லைன் போகிறது!
கடைக்கும் கிட்டங்கிக்கும் வயர்லெஸ் வலை அமைப்பது பற்றிச் சில அனுபவக் குறிப்புகள்

தராசு, கல்லாப்பெட்டி, பேரேடு இந்த மூன்றும் இருந்தால் மொத்தக்கடை நடந்துவிடும் என்றிருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவர்கள் நாங்கள். பள்ளிப் படிப்போடு கடையில் வந்து அமர்ந்துவிட்டோம். மின்சாரம், ரேடியோ பற்றியெல்லாம் முறையாகப் படித்ததில்லை. ஆயினும் வயர்லெஸ் இன்டர்நெட் விஷயத்தில் இரண்டு வருட காலம் பட்ட சிரமமும், வீணாகச் செலவழித்த பணமும் சில பாடங்களைக் கற்றுக் கொடுத்துவிட்டன. சங்கக் கூட்டங்களில் சந்திக்கும் நண்பர்கள் பலரும் இதே தொல்லையைச் சொல்லக் கேட்கிறோம். ஆகவே தெரிந்த மட்டில் எழுதுகிறோம்.

எங்கள் கடை முன்புறம்; கிட்டங்கி பின்புறம். நடுவில் லாரி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் முற்றம். கடைச் சுவரிலிருந்து கிட்டங்கி வாசல் வரை சுமார் நூறு அடி இருக்கும். இன்டர்நெட் லைன் வந்து இறங்குவது கடையில். பில் போடும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் எடை மேடைக்குப் பக்கத்தில், கிட்டங்கியில். இடையில் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, கடை வெளிச்சுவரில் ஒரு வயர்லெஸ் பெட்டி, கிட்டங்கி வாசலில் ஒரு பெட்டி என்று மாட்டினோம். மாட்டிய அன்று பிரமாதமாக வேலை செய்தது. விற்றவரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் வேடிக்கை. லாரி வந்து நின்று, லோடுமேன்கள் மூட்டை ஏற்றி முடித்து, இ-வே பில் எடுக்கலாம் என்று உட்கார்ந்தால் லைன் இருக்காது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கும், வெளி மாநிலத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கும் இ-வே பில் இல்லாமல் வண்டியில் போகக்கூடாது என்பது 2018-லிருந்து நமக்கு உள்ள கட்டுப்பாடு. செல்போனிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். தகரக் கூரைக்கு அடியில் செல்போன் சிக்னலும் அரைகுறைதான். கடைப் பையன் கடைக்கும் கிட்டங்கிக்கும் ஓடி ஓடி, கடைசியில் லாரி கிளம்பி முற்றத்தை விட்டு வெளியே போய் ரோட்டில் நிறுத்திய பிறகு பார்த்தால் லைன் வந்திருக்கும். பில் எடுத்துக் கொண்டுபோய் டிரைவரிடம் கொடுப்போம். இது போல எத்தனையோ நாள்.

விற்றவரைக் கூப்பிட்டோம். பெட்டி பழுது என்று ஒன்றை மாற்றினார். பிறகு இதைவிடச் சக்தி வாய்ந்த பெட்டி வேண்டும் என்று விலை உயர்ந்ததாக ஒன்றைக் கொடுத்தார். அவர் வந்து சோதிக்கும் போதெல்லாம் முற்றத்தில் லாரி இருக்காது. லைன் நன்றாக இருக்கும். ஒரு மாலை கேரளாவுக்குப் போக வேண்டிய பருப்பு லோடு பில் எடுக்க முடியாமல் இரவு முழுவதும் முற்றத்திலேயே நின்றது. லாரி வாடகை ஒரு நாள் கூடுதல். அந்த வியாபாரி அடுத்த ஆர்டரை வேறு இடத்தில் போட்டுவிட்டார். நஷ்டம் எவ்வளவு என்று எழுதி உங்களையும் வருத்த வேண்டாம்.

கேமரா மாட்ட வந்த ஓர் இளைஞர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். முற்றத்தில் அப்போது ஒரு லாரி நின்றது. அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க பெட்டியில ஒரு கோளாறும் இல்லை. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல லாரி நிக்குது. இரும்புச் சுவர் எழுப்பின மாதிரிதான். லாரியை எடுக்கச் சொல்லிட்டுப் பாருங்க" என்றார். எடுக்கச் சொன்னோம். லைன் வந்தது. இரண்டு வருடமாக எங்கள் கண் முன்னால் நின்ற காரணம் எங்களுக்குத் தெரியவில்லை! பெட்டிகள் இரண்டையும் எட்டடி உயரத்தில் மாட்டியிருந்தோம். லோடு ஏற்றிய லாரி பன்னிரண்டு அடி நிற்கும். பில் தேவைப்படும் நேரம்தான் லாரி நிற்கும் நேரம். ஆகவே தேவைப்படும் போதெல்லாம் லைன் போனதில் ஆச்சரியம் என்ன?

"அப்போ உயரத்தில் மாட்டிவிட்டால் தீர்ந்ததா தம்பி?" என்று கேட்டோம். "உயரத்திலயும் மாட்டுவோம் அண்ணாச்சி. கூடவே வாட்ச்மேன் ரூம் மேல மூணாவதா ஒண்ணு வைப்போம். மெஷ் பண்ணிட்டா ஒரு பக்கம் மறைச்சாலும் அந்தப் பக்கமா சுத்திப் போயிரும்" என்றார். மெஷ் என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்துக் கேட்டோம்.

மெஷ் என்றால் வலை. விளக்கமாகச் சொல்ல நமது ஊர் உதாரணமே இருக்கிறது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் என்ற தகுதி பெற்றது. அதற்கு முந்திய காலத்தில் கரையோரம் ஆழம் போதாமையால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளிக் கடலில்தான் நங்கூரம் பாய்ச்சும். தோணிகள் போய்ச் சரக்கை வாங்கிக் கரைக்குக் கொண்டு வரும். கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இடையில் கைமாற்றிக் கொடுப்பவர்களால்தான் வியாபாரம் நடந்தது. ஒரு பக்கம் காற்றோ நீரோட்டமோ சரியில்லை என்றால் தண்டல் வேறு பக்கமாகத் தோணியைக் கொண்டு வருவார். முதலாளி அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். சரக்கு வந்து சேர்ந்தால் போதும்.

வயர்லெஸ் பெட்டிகளும் அப்படியே. இன்டர்நெட் லைன் நேரடியாக வரும் பெட்டி கப்பல் மாதிரி. மற்றப் பெட்டிகள் தோணிகள். ஒவ்வொரு பெட்டியும் சிறிது நேரத்துக்கு ஒருமுறை 'நான் இங்கே இருக்கிறேன், என் வழியாகப் போனால் இவ்வளவு வேகம் கிடைக்கும்' என்று அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கு அறிவித்துக் கொண்டிருக்கும். அதை வைத்து எந்த வழி நல்ல வழி என்று பெட்டிகள் தாமே தீர்மானித்துக் கொள்கின்றன. ஒரு வழி மறைந்தால் மறுவழியில் அனுப்பிவிடும். பழைய 'ரிப்பீட்டர்' என்ற சாதனத்துக்கு இந்த அறிவு கிடையாது. ஒரே பெட்டியிடம் கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

இது நேற்று வந்த சங்கதியும் அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் வெளியிடத்திலும் உபயோகிக்கலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. அதே ஆண்டில் இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலா மலைப்பகுதியில் திபெத்திய அகதிகளின் பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைத்து ஒரு மெஷ் வலையை அமைத்தார்கள். வீட்டில் வைக்கும் சாதாரண ரூட்டர்களை வாங்கி, அதன் உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி, மழைக்குத் தாங்கும் பெட்டிக்குள் வைத்து மலைமேல் மாட்டினார்கள். குரங்குகள் ஆண்டெனாவில் தொங்கி ஆடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்ததாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, காக்கைதான். ஜெர்மனியில் பெர்லின் நகர மக்கள் மாடிக்கு மாடி இப்படி இணைத்துக் கொண்டார்கள். அதற்காக அவர்கள் 2006 வாக்கில் எழுதத் தொடங்கிய மென்பொருளுக்கு 'பேட்மேன்' என்று பெயர். சினிமாக் கதாநாயகன் பெயர்தான். ஆனாலும் நல்ல சரக்கு, இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. 2011-இல் மெஷ்ஷுக்கென்று உலகப் பொதுத் தரம் ஒன்றும் வந்தது. கம்பெனிகள் பெரும்பாலும் தத்தம் சொந்த முறையையே பின்பற்றுவதால், ஒரு கம்பெனிப் பெட்டியும் இன்னொரு கம்பெனிப் பெட்டியும் பொதுவாகச் சேராது. 2018-இல் 'ஈசி மெஷ்' என்ற பொது முத்திரை வந்திருக்கிறது. வாங்கும்போது ஒன்று, எல்லாம் ஒரே கம்பெனியாக வாங்குங்கள்; அல்லது அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வேகம் பற்றி ஓர் உண்மை. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு ரேடியோ ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. லாரியில் ஏறி மூட்டையை எடுத்துக் கொடுக்கும் ஆளே கீழே இறங்கி வந்து சுமந்துபோய் அடுக்கவும் வேண்டும் என்றால், இறக்கும் வேகம் பாதியாகத்தானே ஆகும்? அதுபோல ஒரு பெட்டி தாண்டினால் வேகம் பாதி. இன்னொன்று தாண்டினால் கால்வாசி. நூறு மெகாபிட் லைன் என்று மாதாமாதம் பணம் கட்டி, மூன்றாம் பெட்டியில் இருபத்தைந்துகூட வராமல் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு அலைவரிசைப் பெட்டிகளில், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 5 கிகாஹெர்ட்ஸையும், நமது கருவிகளுக்கு 2.4-ஐயும் ஒதுக்கினால் இந்த இழப்பு குறையும். மூன்று ரேடியோ உள்ள பெட்டியில் ஒன்றைப் பெட்டிகளுக்கிடையே பேசுவதற்கென்றே தனியாக வைத்திருப்பார்கள், விலை கூடுதல். எதுவானாலும் லைன் வரும் பெட்டியிலிருந்து இரண்டு தாவலுக்கு மேல் போகாமல் அமைப்பதே உத்தமம். பில் போட, இ-வே பில் எடுக்க, கணக்குப் பார்க்கச் சொற்ப வேகமே போதும். கேமராக்கள்தான் வேகத்தைத் தின்னும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் நம்மில் பெரும்பாலோர் தவறு செய்கிறோம். சிக்னல் வராத மூலையில் கொண்டுபோய் இரண்டாவது பெட்டியை வைக்கிறோம். முதல் பெட்டியின் சிக்னல் அங்கே வரவில்லை என்றால் இரண்டாவது பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து வரும்? நல்ல சிக்னல் இருக்கும் இடத்திற்கும் இல்லாத இடத்திற்கும் நடுவே, சிக்னல் இன்னும் திடமாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அளந்து பார்க்கச் செல்போனிலேயே இலவச வசதி உண்டு. மைனஸ் போட்டு ஓர் எண் காட்டும். மைனஸ் 50 என்றால் பக்கத்திலேயே நிற்பது போல. மைனஸ் 65 வரை பெட்டி வைக்கலாம். மைனஸ் 70-ஐத் தாண்டிவிட்டால் அந்த இடம் பெட்டிக்கு ஆகாது. மூன்று எண் கீழே இறங்கினாலே சக்தி பாதியாகிவிட்டது என்று கணக்கு.

நமது சரக்கே நமக்கு எதிரி என்பதையும் அனுபவத்தில் கண்டோம். இரும்பு இந்த அலையைத் திருப்பி அடித்துவிடும், தண்ணீர் குடித்துவிடும். தகரக் கூரை, ரோலிங் ஷட்டர், அடுக்கி வைத்த எண்ணெய் டின், இவை சுவருக்கும் மேலான தடை. வெங்காய மூட்டை, தேங்காய்க் குவியல், ஈரம் காயாத வத்தல் இவற்றில் தண்ணீர் இருப்பதால் அவையும் தடையே. உப்புத் தண்ணீர் சொல்லவே வேண்டாம். காய்ந்த பருப்பு, பிஸ்கட் அட்டைப் பெட்டி, சோப்பு இவை பெரிதாகத் தடுப்பதில்லை. ஆனால் உள்ளே வெள்ளி போல் மின்னும் தாள் உள்ள சிப்ஸ் பாக்கெட், டீத்தூள் பாக்கெட் மலைபோல் அடுக்கியிருந்தால் அதற்குப் பின்னால் சிக்னல் இருக்காது. கிட்டங்கி காலியாக இருக்கும்போது அளந்து பெட்டி மாட்டிவிட்டு, சீசனில் கூரை வரை சரக்கு ஏறிய பிறகு 'பெட்டி கெட்டுவிட்டது' என்று சொல்வது சரியல்ல. அடுக்கின் தலைக்கு மேல் இடைவெளி விட்டு, கூரைத் தகரத்திலிருந்து இரண்டு மூன்று அடி இறக்கி மாட்டினால் நல்லது.

பக்கத்துக் கடையையும் கவனிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பேக்கரியில் பப்ஸ் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போதெல்லாம் கடை முன்பக்கம் பில் தடுமாறும். அந்த அடுப்பு உபயோகிப்பதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமே. 5-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் ராடார்தான் நமது வைஃபையைக் கெடுக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. கப்பல் ராடார் 3 மற்றும் 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வது. நமது பெட்டிகளின் அலைவரிசை அதுவல்ல. கப்பலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அமைக்கும் முறைக்கு வருவோம். வேலைக்கு வருபவர் செய்துவிடுவார் என்றாலும், பக்கத்தில் நின்று என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிகளை அட்டையிலிருந்து எடுத்ததும் ஏணி போட்டு ஏற்றிவிடக்கூடாது. எல்லாவற்றையும் கடை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்து, கம்பெனி வெளியிட்ட புதிய மென்பொருளை ஏற்றி, ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகே அதனதன் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். பன்னிரண்டு அடி ஏணி மேல் நின்றுகொண்டு பாஸ்வேர்டு அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அடுத்து, முகவரி கொடுக்கும் வேலை ஒரே பெட்டிக்குத்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர், பிரிண்டர், செல்போன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அதை லைன் வரும் ரூட்டர் கொடுக்கும். மற்றப் பெட்டிகளை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் 'ரூட்டர்' முறையிலேயே விட்டால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குடித்தனம் நடத்தும். இன்டர்நெட் வரும், ஆனால் கடைக் கம்ப்யூட்டருக்குக் கிட்டங்கிப் பிரிண்டர் தெரியாது. எங்களுக்கு முதலில் அமைத்தவர் செய்த தவறு இதுவே. பிரிண்டர் கம்பெனிக்காரரை மூன்று தடவை வரவழைத்துச் சர்வீஸ் சார்ஜ் கொடுத்தோம். பிரிண்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை. பிரிண்டருக்கும் கணக்குக் கம்ப்யூட்டருக்கும் மாறாத முகவரியாக ரூட்டரிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அப்போதுதான் ஸ்டாக் எடுக்கும் பையன் செல்போனோடு கடையிலிருந்து கிட்டங்கிக்கு நடந்தால் லைன் அறுபடாமல் கைமாறும். சில செல்போன்கள் பழைய பெட்டியையே விடாமல் பிடித்துக் கொண்டிருக்கும். பெட்டிகளின் ஒலிபரப்புச் சக்தியை 'உச்சம்' என்பதிலிருந்து 'நடுத்தரம்' என்று குறைத்தால் இந்தப் பிடிவாதம் தளரும். சக்தி கூடக்கூட நல்லது என்று நினைக்கிறோம். பெட்டி உரக்கக் கத்தலாம். செல்போன் மெல்லத்தானே பதில் சொல்லும்? இரண்டு பக்கமும் கேட்டால்தான் பேச்சு.

சேனல் என்ற எண் வரிசையில், 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அக்கம்பக்கத்தார் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்து மற்றதை எடுக்க வேண்டும். அகலம் 20 போதும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் வைக்கலாம். இடைப்பட்ட 52 முதல் 144 வரை ராடார்களுக்கு முன்னுரிமை உள்ள பகுதி; பல பெட்டிகள் அங்கே ராடார் போன்ற சிக்னல் கேட்டதாகத் தோன்றினாலே சொல்லாமல் சேனலை மாற்றிக்கொண்டு ஓரிரு நிமிடம் பேசாமல் இருந்துவிடும். வயர் இல்லாமல் பேசிக்கொள்ளும் பெட்டிகள் அனைத்தும் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முத்துக்குளிப்பு பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நமது கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது: கீழே குளியாள், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர். எவ்வளவு கத்தினாலும் தண்ணீருக்குள் கேட்காது. கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே தெரிந்துவிடும். வயரும் அந்தக் கயிறு மாதிரி. வயர் கொண்டுபோக முடிந்த இடத்திற்கு வயர்தான். பெட்டிக்குப் பெட்டி வயர் இழுத்துவிட்டால் வேகம் பாதியாகும் கதையே இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் வேறு வேறு சேனலில் வைக்கலாம். லாரி நின்றாலும் கவலையில்லை. மெஷ் என்பது வயர் போக முடியாத இடத்துக்கும், வயர் அறுந்தால் மாற்று ஏற்பாடாகவும். ஒன்றை எச்சரிக்கிறோம்: வயரும் போட்டு வயர்லெஸ்ஸும் வைத்து, பெட்டியில் அதற்குரிய வளையத் தடுப்பு வசதியை இயக்காமல் விட்டால், ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்து மொத்த வலையும் ஸ்தம்பித்துவிடும்.

வயர் வாங்கும்போது முழுச் செம்பு வயரா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் பூசிய மலிவு வயர் சந்தையில் ஏராளம். உப்புக் காற்றில் அது வருடம் தாங்காது. செம்பு வயர் நூறு மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கட்டடம் விட்டுக் கட்டடம் போவதானால் கண்ணாடி நார்க் கேபிள் போடுவதே மேல். இடி இறங்கினால் செம்பு வழியாக இரண்டு கட்டடத்துச் சாதனங்களும் போகும். கண்ணாடி நாரில் மின்சாரம் பாயாது. நாங்கள் பிற்பாடு முற்றத்தின் ஓரமாகக் குழாய் பதித்து அதைப் போட்டுவிட்டோம். முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மின்சாரம் பற்றி நம் மாநிலத்திலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுக் கிராமங்களில் உள்ள கண் பரிசோதனை மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் இணைத்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதற்கு உதவினார்கள். வலை வடிவில் இல்லாமல், எதிரெதிரே குறிபார்த்த ஆண்டெனாக்கள் மூலம் பத்துக் கிலோமீட்டரையும் தாண்டிய இணைப்புகள். கிராமத்து நோயாளி அங்கிருந்தபடியே தேனி டாக்டரிடம் திரையில் பேசலாம். சில ஆண்டு நடத்திப் பார்த்து, அந்தப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் எழுதியது நமக்கு முக்கியம்: தொல்லை கொடுத்ததில் முதலிடம் ரேடியோவுக்கு அல்ல, ஏறி இறங்கும் மின்சாரத்துக்கே. வோல்டேஜ் எகிறிப் பெட்டிகள் கருகின, குறைந்து பாதியில் நின்றன. உள்ளூர் ஆட்களுக்குக் கோளாறு கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்த பிறகே நிலைமை சீரானது. ஆகவே பெட்டி வாங்கும் பணத்தோடு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு வோல்ட் சிறிய யூ.பி.எஸ். ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கடையில் ஒருவருக்காவது எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிக் கொடுத்து, பெட்டிகளின் பெயர், இடம், முகவரி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கல்லாவில் பூட்டி வையுங்கள். எங்களுக்கு அமைத்துக் கொடுத்த முதல் நபர் ஊரை விட்டே போய்விட்டார். பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று.

வெளியில் மாட்டுவதானால் மழைக்கும் தூசிக்கும் தாங்கும் வெளியிடப் பெட்டியே வேண்டும். வீட்டுப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு; உள்ளே வேர்த்து ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். கடற்கரைப் பக்கமும் உப்பளம் பக்கமும் கிட்டங்கி வைத்திருப்பவர்கள் வயர் நுழையும் வாயைக் கீழ்நோக்கி வைத்து, இணைப்புகள் மேல் ரப்பர் டேப் சுற்றி, மழைக்கு முன் ஒருமுறையாவது இறக்கித் துடைக்க வேண்டும். கிளாம்பு, ஆணி எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. மின்சாரமும் செல்போனும் இல்லை. எங்கள் கடையில் மேஜைக்கு அடியில் வைத்திருந்த ரூட்டர் முழுகிப் போயிற்று. உயரத்தில் மாட்டியிருந்த மூன்றும் பிழைத்தன. தண்ணீர் வடிந்து ஜெனரேட்டர் போட்ட அன்று வெளி இன்டர்நெட் வந்திருக்கவில்லை. ஆனாலும் உயரத்திலிருந்த ஒரு பெட்டிக்கே முகவரி கொடுக்கும் வேலையை மாற்றிவிட்டதும், கடைக் கம்ப்யூட்டரும் கிட்டங்கிக் கம்ப்யூட்டரும் தங்களுக்குள் பேசிக்கொண்டன. எந்த அடுக்கு நனைந்தது, எது காய்ந்திருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கை அன்றே போட முடிந்தது. இன்டர்நெட் வேறு, நமது உள் வலை வேறு என்பது அன்றுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கியது. கணக்கு மென்பொருளை இன்டர்நெட்டில் மட்டும் வைத்திருந்த நண்பர்களால் அந்த நாட்களில் ஒரு பழைய பில்லைக்கூடப் பார்க்க முடியவில்லை. யு.பி.ஐ. எங்கேயும் வேலை செய்யவில்லை. எல்லோரும் நோட்டில்தான் எழுதினோம். ரூட்டரையும் அதன் யூ.பி.எஸ்.ஸையும் இப்போது ஏழடி உயரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறோம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலட்சியம் கூடாது. 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் இ-மெயில், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. போலீஸ் முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். பெட்டியோடு வரும் கம்பெனி பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வாடிக்கையாளருக்கும் லாரி டிரைவருக்கும் கொடுப்பதானால் 'கெஸ்ட்' என்று தனிப் பெயரில் கொடுங்கள். அதிலிருந்து பில் கம்ப்யூட்டருக்கு வழி இருக்கக்கூடாது. கேமராக்களையும் தனியே பிரித்துவிடலாம். நமது லைனைப் பக்கத்துக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் காசு வாங்குவது லைன் கம்பெனியின் நிபந்தனைக்கு விரோதம். அப்படிச் செய்ய விரும்பினால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பி.எம்.-வாணி' திட்டத்தில் சேர்ந்து, மளிகைக்கடையும் டீக்கடையும்கூட லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம்.

கடைசியாக, வேலை முடிந்தது என்று பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. முற்றத்தில் லோடு லாரியை நிறுத்தச் சொல்லுங்கள். ஷட்டரை இறக்குங்கள். நடுப்பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, கிட்டங்கிப் பிரிண்டரில் ஒரு பில் போட்டுப் பாருங்கள். பில் வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். வத்தல் சீசனில் கிட்டங்கி நிறைந்த பிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்து பார்ப்பது என்று அவரிடம் முன்கூட்டியே பேசி, தொகையில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வையுங்கள்.